முதலாம் நம்பர் சஹன்

கணினி படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. வாயால் சொல்லித் தீர்க்க வேண்டிய விஷயத்துக்கு மென்பொருள் எழுதிவிடுவார்கள். "நீங்க அந்தப் பக்கம் இருங்க, நீங்க இந்தப் பக்கம் இருங்க" என்று இரண்டு பேரின் காதில் மெல்லச் சொன்னால் முடிந்துபோகும். அதைச் சொல்லத் தைரியம் இருக்காது. அதற்காக இரவெல்லாம் மேசையில் உட்கார்ந்து, நிரல் எழுதி, சர்வர் பிடித்து, கடைசியில் "நான் சொல்லல்ல, கொம்பியூட்டர் சொல்லுது" என்று கையை விரித்துவிடலாம் என்று நினைப்பார்கள். இந்த வியாதி எனக்கு நன்றாக முற்றியிருந்த காலத்தில்தான் என் மூத்த மகள் ஹனாவுக்குக் கலியாணம் வந்தது.

நான் கல்முனையில் ஒரு பெண்கள் பாடசாலையில் தகவல் தொழினுட்பம் படிப்பிக்கிறேன். இயல்பிலேயே பயந்த சுபாவம். பிள்ளை பாடசாலையிலிருந்து வரச் சற்றுப் பிந்தினால் ஆஸ்பத்திரிக்கு அழைப்பெடுக்கிற ரகம். (ஒருமுறை எடுத்துமிருக்கிறேன். பிள்ளை பின்வாசலால் வந்து குசினியில் பிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.) அப்படிப்பட்டவளுக்கு மகளின் கலியாணம் என்றால் எப்படி இருக்கும்? அதிலும் எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் வந்து வாழ்வார். பொத்துவிலிலிருந்து ஒரு பிள்ளை தன் உம்மாவை விட்டுவிட்டு என் வீட்டுக்கு நிரந்தரமாக வரப்போகிறது. அந்த உம்மா எங்களைப் பார்த்து, "நல்ல இடத்திலதான் புள்ளயக் குடுத்திருக்கன்" என்று நிம்மதியாக பஸ் ஏற வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

அதற்குக் குறுக்கே இரண்டு பேர் இருந்தார்கள்.

ஒருவர் என் கூடப்பிறந்த அக்கா ஜெஸீமா ராத்தா. மற்றவர் என் கணவரின் அக்கா நூருல் மச்சி. (கணவரின் அக்காவை எங்கள் ஊரில் மச்சி என்றுதான் கூப்பிடுவோம்.) ஹனாவுக்கு ஒருவர் பெரியம்மா, மற்றவர் மாமி. இரண்டு பேரும் இல்லாமல் கலியாணம் நடக்காது. இரண்டு பேரும் சேர்ந்தாலும் நடக்காது.

காரணம் ஒரு கோழித் துண்டு.

எங்கள் கலியாண வீடுகளில் ஆளுக்கொரு கோப்பை கிடையாது. சஹன்தான். பெரிய வட்டத் தட்டில் நெய்ச்சோற்றைக் குவித்து, மேலே இறைச்சியும் பொரித்த கோழியும், ஓரத்தில் கத்தரிக்காயும் அன்னாசியும் வைத்து நடுவில் கொண்டுவந்து வைப்பார்கள். ஆறு பேர் பாயில் சுற்றி உட்கார்ந்து, அவரவர் முன்னால் இருப்பதை அவரவர் எடுத்துச் சாப்பிட வேண்டும். கோடு போட்டுப் பிரித்திருக்க மாட்டார்கள். ஆனால் கோடு எங்கே இருக்கிறது என்பது ஆறு பேருக்கும் தெரியும். சில வருடங்களுக்கு முன் மருதமுனையில் நடந்த ஒரு கலியாணத்தில் ராத்தாவும் மச்சியும் ஒரே சஹனில் அகப்பட்டார்கள். ராத்தாவின் வாக்குமூலப்படி, அவர் கடைசியில் ருசித்துச் சாப்பிடுவதற்கென்று தன் பக்கத்தில் ஒதுக்கி வைத்திருந்த கோழித் தொடையை மச்சி எட்டி எடுத்துவிட்டார். மச்சியின் வாக்குமூலப்படி, அந்தத் தொடை சோற்று மலையிலிருந்து உருண்டு தானாகவே அவர் பக்கம் வந்தது. சாட்சிகள் நான்கு பேர் இருந்தார்கள். நான்கு பேரும் சாப்பாட்டில் கவனமாக இருந்ததால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லையாம்.

அன்றிலிருந்து பேச்சு இல்லை. சாவு விழுந்த மையத்து வீட்டில்கூட ஒருவர் வாசலில் இருந்தால் மற்றவர் கிணற்றடியில்.

ஹனாவின் கலியாணத்துக்கு நாள் குறித்ததும் ராத்தா என்னிடம் வந்தார்.

"இஞ்ச பாரு ரிஸ்மியா, நான் சொல்றதச் சொல்லிட்டன். அவ இரிக்கிற சஹன்ல என்ன வெச்சா, கையக் கழுவிட்டு நேர ஊட்ட போயிருவன். மாப்புளட உம்மா பாத்தாலும் சரி, ஆரு பாத்தாலும் சரி."

அன்று பின்னேரமே மச்சியின் அழைப்பு.

"உங்கட ராத்தாவுக்குப் பக்கத்தில எனக்கு இடம் வேணாம். கோழிக் கணக்குப் பாக்கிற ஆக்களோட எனக்கு சோறு இறங்காது."

வேறு தாயாக இருந்தால் என்ன செய்திருப்பாள்? பெண்கள் பக்கத்தில் நின்று, ராத்தா வரும்போது ஒரு மூலையையும் மச்சி வரும்போது மறுமூலையையும் கைகாட்டியிருப்பாள். நான் அவர்கள் இருவருக்காகவும் முழு மண்டபத்துக்கும் நம்பர் போடத் தீர்மானித்தேன். கல்முனையில் சஹனுக்கு நம்பர் போட்ட முதல் ஆள் நான்தான். கடைசி ஆளும் நான்தான்.

பைத்தனில் ஒரு சின்ன ஏபிஐ எழுதினேன். (ஏபிஐ என்றால் கைபேசி கேட்கிற கேள்விக்கு சர்வர் பதில் அனுப்புகிற வழி. "இந்த மாமிக்கு எந்த சஹன்?" என்று கேட்டால் "நாலு" என்று பதில் வரும்.) விருந்தாளி ஒவ்வொருவருக்கும் ஒரு பதிவு. அதில் பெயர், உறவு, சஹன் நம்பர், இவற்றோடு நான் மிகவும் பெருமைப்பட்ட ஒரு இடம்: ‘தள்ளிவை’. யாரை யாருடன் சேர்க்கக்கூடாது என்பதை அதில் போட வேண்டும். ராத்தாவின் ‘தள்ளிவை’யில் மச்சி, மச்சியின் ‘தள்ளிவை’யில் ராத்தா. மண்டபம் முழுவதிலும் அந்த இடம் நிரம்பியிருந்தது இவர்கள் இருவருக்கும் மட்டும்தான். ஒரு பொத்தானை அழுத்தினால் நெருங்கிய உறவுகளை முன்வரிசைக்கும் மற்றவர்களைப் பின்வரிசைக்கும் நிரல் பிரித்துவிடும். இந்த இருவரையும் மட்டும் கிழக்கும் மேற்குமாக வைக்கும்.

முதன்முதலில் அழுத்திப் பார்த்தபோது ராத்தாவுக்கு இரண்டாம் நம்பர், மச்சிக்கு ஒன்பதாம் நம்பர். குசினிக்குள் ஓடிப்போய், கருவாடு பொரித்துக்கொண்டிருந்த என் கணவரிடம் காட்டினேன். (வெள்ளிக்கிழமைகளில் அவர்தான் சமையல்.)

"பாருங்க! ஏழு சஹன் தூரம்!"

அவர் எண்ணெய் தெறிக்காமல் கைபேசியை எட்டி நின்று பார்த்தார். "இத ஆம்புளப் பக்கத்துக்கும் வைக்கப் போறீங்களா?"

"ஓம், வைப்பமே!"

"வேணாம். நாங்க வந்த மாதிரி இரிந்து திண்டுட்டு எழும்பிப் போறம்."

தொலைநோக்கு இல்லாத மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

கலியாணத்துக்கு முதல் நாள் லுஹர் தொழுதுவிட்டு எழும்ப, பொத்துவிலிலிருந்து மாப்பிள்ளையின் உம்மா அழைத்தார். குரலில் கூச்சம். "சம்பந்தி, கோவிச்சிக்காதீங்க. கோமாரியில எங்கட சொந்தம் கொஞ்சம் இரிக்கி. அவங்களையும் ஏத்திட்டு வாற எண்டு இப்பதான் கதைச்ச. பொம்புளயள் கூட வருவாங்க."

"அல்ஹம்துலில்லாஹ், எல்லாரையும் கூட்டிட்டு வாங்க!" என்றேன். சோற்றுக்குப் பிரச்சினை இல்லை. எங்கள் சமையல்காரர் எப்போதும் கூடத்தான் போடுவார். நம்பருக்குத்தான் பிரச்சினை. புதியவர்கள் முன்வரிசையில் வந்தால் மற்ற எல்லோரும் ஒவ்வொரு சஹனாகப் பின்னால் நகர வேண்டும். முதன்முதலில் பிரித்த பிறகு ஒவ்வொரு பதிவாகத்தான் மாற்றியிருந்தேன். இப்போது எல்லோரையும் ஒரே தரத்தில் மாற்ற வேண்டும்.

உண்மையைச் சொன்னால் எனக்கு உள்ளுக்குள் குதூகலம். மொத்தமாக மாற்றுவதற்கென்று தனியாக ஒரு பகுதி எழுதி வைத்திருந்தேன். அதைப் பாவிக்க ஒரு சந்தர்ப்பம் வராதா என்றுதான் இவ்வளவு நாளும் காத்திருந்தேன்!

அழுத்தினேன். சிவப்பு. எரர்.

வீடு முழுக்கச் சனம். ஒரு அறையில் மருதோன்றி, ஒரு அறையில் பலகாரப் பெட்டி, விறாந்தையில் யாரோ யாருடைய செருப்பையோ தேடுகிறார்கள். நான் மணப்பெண்ணின் அறைக்குள் போய், கட்டிலின் ஓரத்தில் மடிக்கணினியை விரித்து உட்கார்ந்தேன். அங்கே ஹனா இரண்டு கைகளிலும் ஈர மருதோன்றியோடு சிலைபோல் இருந்தாள். அவளும் கணினி படித்தவள். என்னைவிட நன்றாகவே படித்தவள்.

"உம்மா, என்ட கலியாணத்துக்கு முதல் நாள் நீங்க எரர் பாக்கிறீங்களா?"

"உன்ட கலியாணத்துக்காகத்தான் பாக்கிறன் மகள்!"

முதல் எரர் எளிது. பதிவுகளைக் கைபேசிக்கு அனுப்புவதற்கு முன் அவற்றை வெறும் எழுத்தாக மடித்துப் பொதி செய்ய வேண்டும். பதிவில் இருந்த நேரத்தை மடிக்க அதற்குத் தெரியவில்லை. நேரத்தை எழுத்தாக மாற்றிக் கொடுத்தேன். மறுபடி அழுத்தினேன். இன்னொரு சிவப்பு. ஆனால் புதிய சிவப்பு! (எரரைத் திருத்துகிறவர்களுக்குத்தான் புரியும்: பழைய எரர் போய்ப் புது எரர் வந்தால் அது பெருநாள் மாதிரி.)

இந்தத் தடவை, ஒரு வளையம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, என்னால் முடியாது என்றது பைத்தன். நான் பக்கம் பக்கமாகப் பதிவை அச்சிட்டுப் பார்த்தேன். பார்த்துவிட்டுக் கட்டிலில் குதித்தேன். ஹனாவின் கை அசைந்து ஒரு பூ கலைந்தது.

"உம்மா!"

"கண்டுபுடிச்சிட்டன் மகள்! பெரியம்மாவும் மாமியும்!"

நடந்தது இதுதான். ஒவ்வொரு பதிவாக மாற்றிய காலத்தில் சர்வர் "சரி" என்று மட்டும்தான் பதில் சொல்லும். மொத்தமாக மாற்றும்போது மாறிய பதிவுகள் எல்லாவற்றையும் பொதி செய்து திருப்பி அனுப்பும். ராத்தாவின் பதிவைத் திறந்தது. உள்ளே ‘தள்ளிவை’, அதற்குள் மச்சி. சரியென்று மச்சியைத் திறந்தது. உள்ளே ‘தள்ளிவை’, அதற்குள் ராத்தா. ராத்தாவைத் திறந்தது. உள்ளே மச்சி. எங்கள் குடும்பம் சில வருடங்களாகச் சுற்றிய வட்டத்தை அந்த இயந்திரம் ஒரு விநாடியில் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது முடியாத வேலை" என்று கையை விட்டுவிட்டது. எனக்கு அதன்மேல் பாசமே வந்தது.

தீர்வு? வளையத்தை அறுக்க வேண்டும். பொதிக்குள் மச்சியை முழுதாக வைக்காமல் மச்சியின் அடையாள எண்ணை மட்டும் வைப்பதுதான் முறையான வழி. அதற்கு நாலைந்து இடங்களில் கை வைக்க வேண்டும். வெளியே என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் குறுக்கு வழியில் போனேன். பொதி செய்யும் சாமான்களிலிருந்து ‘தள்ளிவை’யைத் தூக்கிவிட்டேன். அழுத்தினேன்.

பச்சை!

"முடிஞ்சிது! எல்லாரும் மாறிட்டாங்க!"

"ஒரு ஆள மட்டும் மாத்திப் பாத்துட்டு மறுகா எல்லாரையும் மாத்தியிருக்கலாமே உம்மா," என்றாள் ஹனா. "பாதியில எரர் வந்தா எல்லாத்தையும் பழையபடி ஆக்கச் சொல்லிக் குடுத்திருக்கீங்களா?"

"ஓம் ஓம்," என்றேன். கொடுத்திருக்கவில்லை.

"பெரியம்மாவும் மாமியும் இப்ப எங்க இரிக்காங்க எண்டு பாத்தீங்களா?"

"அதெல்லாம் அது பாத்துக்கும் மகள்."

அது பார்த்துக்கொள்ளவில்லை. என் கைபேசிப் பக்கம் எப்படி எழுதப்பட்டிருந்தது தெரியுமா? சர்வரிடமிருந்து பதிவை வாங்கி, சஹன் நம்பரை மாற்றி, முழுப் பதிவையும் அப்படியே திருப்பிக் கொடுக்கும். ‘தள்ளிவை’ இல்லாமல் வந்த பதிவு ‘தள்ளிவை’ இல்லாமலே திரும்பிப் போனது. சர்வர் அந்த இடத்தை வெறுமையாக எழுதி வைத்துக்கொண்டது. ஆக, இரு குடும்பத்துப் பெரியவர்களும் தலையிட்டுத் தீர்க்க முடியாத பகையை நான் ஒரு பொத்தானில் அழித்துவிட்டேன். கணினியைப் பொறுத்தவரை அவர்கள் இப்போது மணப்பெண்ணின் பெரியம்மா, மணப்பெண்ணின் மாமி. இரண்டும் உயர்ந்த உறவு. உயர்ந்த உறவுகளுக்கு எந்த சஹன்? மாப்பிள்ளையின் உம்மா இருக்கும் முதலாம் நம்பர்!

அடுத்த நாள் மண்டபத்தின் பெண்கள் பக்க வாசலில் என் மருமக்கள் (சகோதரர்களின் பெண்பிள்ளைகள்) கைபேசியோடு நின்றார்கள். "போன்ல என்ன நம்பர் வருதோ அதுதான், உங்கட இஷ்டத்துக்கு ஆரையும் மாத்தப்படாது" என்று நான் அவர்களைக் கடுமையாகப் பழக்கியிருந்தேன். வருகிறவர்களுக்கு ஆச்சரியம்.

"என்னடி புள்ள, கலியாண ஊட்டுலயும் நம்பரா? டொக்டர் எத்தின மணிக்கு வருவாரு?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் நம்பர்கள்! சனம் தானாகப் போய்த் தானாக உட்காருகிறது! கோமாரிக்காரர்கள்கூடச் சரியாகப் போய் அமர்ந்தார்கள். மாப்பிள்ளையின் உம்மா முதலாம் நம்பரில் அமர்ந்து என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் பாதி ஆள் உயரம் வளர்ந்தேன்.

அவருக்கு வலப்பக்கத்தில் நூருல் மச்சி வந்து அமர்ந்தார். நல்லது, ராத்தாவை ஒன்பதில் போட்டிருக்கும் என்று நினைத்தேன்.

வாசலில் ராத்தா. மருமகள் கைபேசியைப் பார்த்துவிட்டுப் பவ்வியமாகக் கையைக் காட்டினாள். ராத்தா அந்தத் திசையில் நடந்தார். இரண்டைத் தாண்டினார். ஒன்றில் நின்றார்.

ராத்தா மச்சியைப் பார்த்தார். மச்சி கூரையைப் பார்த்தார். மாப்பிள்ளையின் உம்மா ஒன்றும் அறியாமல் நகர்ந்து இடம் விட்டு, "வாங்க, வாங்க, பெரியம்மாவா? என்னோட இரிங்க" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தார். சம்பந்தி பிடித்த கையை உதற முடியுமா? ராத்தா இருந்தார். இருந்துகொண்டே என்னைத் தேடினார். அந்தக் கண்ணுக்கு நான் தட்டுப்படக்கூடாது என்று திரைச்சீலைக்குப் பின்னால் போனேன்.

இந்த இடத்தில் நான் வெளியே வந்து, "ராத்தா, வாங்க, ஒரு வேலை இரிக்கி" என்று கூப்பிட்டிருந்தால் போதும். நான் கைபேசியை எடுத்தேன்.

இருவரின் ‘தள்ளிவை’யையும் மீண்டும் நிரப்பினேன். வளையத்தை மறந்து, பொதியில் அந்தச் சாமானைத் திரும்பச் சேர்த்தேன். மொத்த மாற்றத்தை அழுத்தினேன்.

நிரல் எல்லோரையும் அடியிலிருந்து புதிதாகப் பிரிக்கத் தொடங்கியது. தொகுதி தொகுதியாக. முதல் தொகுதி பச்சை. வாசலில் மருமக்களின் கைபேசிகள் கிணிங் கிணிங் என்றன. அடுத்த தொகுதி பச்சை. கிணிங். அடுத்தது ராத்தாவும் மச்சியும் இருந்த தொகுதி. அங்கே அதே பழைய வளையம். சிவப்பு. நின்றுவிட்டது. பாதி மண்டபம் மாறியாயிற்று, பாதி மாறவில்லை.

என் மருமக்கள் என் மாணவிகள் போன்றவர்கள், சொன்னதைச் செய்வார்கள். சஹன் சஹனாகப் போனார்கள்.

"மாமி, எழும்புங்க, உங்கட நம்பர் மாறிட்டுது."

"என்ட நம்பரா? நான் என்ன மோட்டார் சைக்கிளா?"

"பதினொண்டுக்குப் போங்க மாமி."

"கையக் கழுவிட்டன் புள்ள! கழுவின கையோட நடக்கச் சொல்றியா?"

கழுவின கையோடுதான் நடந்தார்கள். கெண்டியும் தட்டமுமாகக் கை கழுவத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு போன பெண், ஊற்றிய கைகளைத் தொலைத்துவிட்டு நடுவழியில் நின்றாள். பதினோராம் நம்பரில் பத்துப் பேர். அதில் பாதிப் பேர் புதிதாக வந்தவர்கள், பாதிப் பேர் எழும்ப மறுத்தவர்கள். ஏழாம் நம்பரில் ஒருவருமில்லாமல் ஆவி பறக்கும் சோறு. கோமாரிப் பெண்கள் எழும்பி, அமர்ந்து, மறுபடி எழும்பி, இது கல்முனை வழக்கம் போலும் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, முன்வரிசை மாறாதவர்களால் நிரம்பிக் கிடந்ததால் பின்னுக்குத் தள்ளப்பட்ட மாப்பிள்ளையின் உம்மா! ஈரக் கையை நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்தபடி, ஒரு மருமகளின் பின்னால், மண்டபத்தின் கடைசி மூலைக்கு, சமையல்கட்டு வாசலை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

நான் ஓடினேன். "சம்பந்தி! நீங்க இல்ல! நீங்க இரிங்க!"

"எங்க இரிக்கிற சம்பந்தி?" என்றார் அவர், மிக அமைதியாக.

நான் மறுபடி கைபேசியைப் பார்த்தேன். அது சிவப்பாகவே இருந்தது.

திரைக்கு அப்பால் ஆண்கள் பக்கத்தில் ஏப்பச் சத்தம் கேட்டது. வந்த மாதிரி இருந்து, சாப்பிட்டு, எழும்பிக்கொண்டிருந்தார்கள்.

முதலாம் நம்பரை நான் திரும்பிப் பார்த்தது அதன் பிறகுதான். மற்ற நால்வரும் நம்பர் மாறிப் போயிருந்தார்கள். அந்த சஹனில் மாறாமல் சிக்கியது இரண்டே இரண்டு பதிவுகள். அந்தப் பெரிய பாயில், ஆறு பேரின் சோற்றை நடுவில் வைத்துக்கொண்டு, எதிரும் புதிருமாக ராத்தாவும் மச்சியும் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள்.

நான் முழங்காலில் விழாத குறையாக ராத்தாவிடம் போனேன். "ராத்தா, வாங்க, வேற இடத்தில..."

"நான் ஏன் எழும்ப? அவவ எழும்பச் சொல்லு."

மச்சியிடம் திரும்பினேன். மச்சி வாசலில் நின்ற மருமகளை உரத்துக் கேட்டார்: "மகள், என்ட நம்பர் மாறினதா?"

"இல்ல மாமி, உங்களுக்கு ஒண்டுதான்."

"கேட்டியா ரிஸ்மியா? மாறல்ல."

கையைக் கழுவிவிட்டு நேரே வீட்டுக்குப் போவேன் என்ற ராத்தா போகவில்லை. போனால் மச்சி வென்றதாகிவிடும். மச்சியும் அசையவில்லை. நான் திரைக்குப் பின்னால் போய் ஓதக்கூடிய துஆக்களை எல்லாம் ஓதினேன். கலியாணம் இந்த விநாடியில் உடையப்போகிறது, மகளின் வாழ்வு கோழித் தொடையில் தொடங்கிக் கோழித் தொடையில் முடியப்போகிறது என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது.

ராத்தா பிஸ்மி சொல்லி ஒரு பிடி எடுத்தார். மச்சியும் எடுத்தார். இருவரும் சோற்றைப் பார்த்தபடியே மென்றார்கள்.

பிறகு ராத்தா, யாருக்கென்று இல்லாமல், அன்னாசித் துண்டைப் பார்த்துச் சொன்னார்: "ஆறு பேர்ட சோத்த ரெண்டு பேருக்கு வெச்சிரிக்காள்."

மச்சி கத்தரிக்காயைப் பார்த்துச் சொன்னார்: "படிச்ச பொம்புள."

"சின்னதுலயே இப்பிடித்தான். கடைக்கு உப்பு வாங்க உட்டா, எந்த வழி கிட்ட எண்டு படம் கீறிட்டுப் போவாள். மறுகா உப்ப மறந்துட்டு வருவாள்."

"எங்கட தம்பியக் கலியாணம் முடிச்ச நாள்ல இருந்து நான் பாக்கிறன். ஊட்டுல லைட்டுச் சுவிச்சுக்கெல்லாம் பேர் எழுதி ஒட்டினவள்தானே?"

"ஓம்! அதுவும் பிழையா ஒட்டினவள்! குசினிச் சுவிச்சப் போட்டா கக்கூசு லைட்டு எரியும்!"

மச்சிக்குச் சிரிப்பு வந்து சோறு புரையேறிவிட்டது. ராத்தா தண்ணீர்க் குவளையை நகர்த்தி வைத்தார். மச்சி குடித்தார். குடித்துவிட்டு, சோற்று மலையின் உச்சியில் இருந்த பெரிய கோழித் தொடையை எடுத்து, ராத்தாவின் பக்கத்தில், கோட்டுக்கு நன்றாக அப்பால், அழுத்தி வைத்தார்.

"இத நீங்களே வெச்சிக்கங்க. மறுகா மருதமுனை வரைக்கும் கதை போகப்படாது."

ராத்தா அதைப் பார்த்தார். "இன்னும் அஞ்சி இரிக்கி," என்றார். "எங்க ரெண்டு பேருக்கும் தாராளமாக் காணும்."

அதற்குள் மண்டபம் தானாகவே சரியாகிவிட்டது. பசித்த பெண்கள் மருமக்களின் கைபேசிகளைப் பிடுங்கி ஒரு மேசையில் போட்டுவிட்டு, பிடித்தவர்களோடு பிடித்த இடத்தில் உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினார்கள். மாப்பிள்ளையின் உம்மா சமையல்கட்டு வாசல் சஹனில் எங்கள் ஊர்க் கிழவிகளோடு அகப்பட்டிருந்தார். நான் மன்னிப்புக் கேட்கப் போனபோது கையசைத்து நிறுத்தினார். "பறவால்ல சம்பந்தி, இஞ்சதான் இறைச்சி சுடச்சுட முதல்ல வருது." அன்று பின்னேரம் பஸ் ஏறும்போது என் கையைப் பிடித்து, "மகன் கொஞ்சம் பயந்த புள்ள, பாத்துக்கங்க" என்றார். பிறகு சற்று யோசித்து, "கொம்பியூட்டர் மட்டும் வேணாம்" என்றார்.

எனக்கு அந்த அதிர்ச்சி இன்னும் முழுதாகத் தெளியவில்லை. கலியாண வீட்டில் யாருடைய கைபேசியாவது கிணிங் என்றால், கையில் எடுத்த பிடி வாய்க்குப் போகாது. எங்கள் குடும்பத்தில் இப்போது யாரும் "நான் போய்ட்டு வாறன்" என்று சொல்லி விருந்திலிருந்து எழும்புவதில்லை. "என்ட நம்பர் மாறிட்டுது" என்று சொல்லித்தான் எழும்புவார்கள். என் மருமகன்கூட. பயந்த பிள்ளை என்று சொன்னார்கள். வந்து ஒரு கிழமையில் அதை என்னிடமே சொல்லிவிட்டு எழும்பினான்.

ராத்தாவும் மச்சியும் சமாதானமாகிவிட்டார்களா என்று கேட்பீர்கள். அதைச் சொல்வது கடினம். இருவரும் கதைக்கிறார்கள். ஆனால் ஒரே விஷயத்தைத்தான் கதைக்கிறார்கள்: என்னை. என் குறை ஏதாவது கிடைத்தால் மணிக்கணக்கில் கதை ஓடும். கிடைக்காவிட்டால் இருவருக்கும் வாய் மூடிக்கொள்ளும், முகம் மெல்ல மெல்லப் பழைய பக்கத்துக்குத் திரும்பும்.

போன ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இருவரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். என் கெட்ட காலம், அன்று நான் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்திருந்தேன். சோறு குழையவில்லை. உப்பு அளவாக இருந்தது. சாப்பிட்டு முடிந்தது. ராத்தா ஒரு கதிரையில், மச்சி மற்றக் கதிரையில். பேச்சில்லை. ராத்தா யன்னலைப் பார்த்தார். மச்சி சுவரைப் பார்த்தார். விறாந்தையிலிருந்து என் கணவர் எனக்குக் கண்ணைக் காட்டினார். ஹனா குழந்தையைத் தோளில் போட்டபடி, "உம்மா, ஏதாவது செய்யுங்களன்" என்று காதில் சொன்னாள்.

நான் இருமினேன். "இந்தப் புள்ளைக்குப் பேர் வைக்கிற விருந்து வருதுதானே? அந்த சஹன் புரோகிராம நான் திருத்தி வெச்சிரிக்கன். இந்த முறை பிழைக்காது."

இரண்டு கதிரைகளும் ஒரே நேரத்தில் கிரீச்சிட்டு ஒன்றையொன்று நெருங்கின.

"கேட்டீங்களா மச்சி?" என்றார் ராத்தா.

"கேட்டன், கேட்டன்," என்றார் மச்சி, காலை மடித்து வசதியாக உட்கார்ந்துகொண்டு. "ரிஸ்மியா, நீ போய்த் தேத்தண்ணி ஊத்து. எங்களுக்குக் கொஞ்சம் கதைக்க இரிக்கி."